கணித விளையாட்டுப் பெட்டி வாங்கித் தருவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணித விளையாட்டுப் பொருள்கள் வாங்கித் தர முன்னாள் மாணவர்களும் ஊர்க்காரர்களும் நிறுவனங்களும் முன்வருகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இதற்குத் தீர்மானம் போடுகிறார்கள். நல்ல மனதோடு வரும் பணம் அது. ஆனால் கடையிலிருந்து வந்து இறங்கும் பெட்டியைத் திறந்தால், புளியங்கொட்டையைவிடச் சிறிய காய்கள், கையிலிருந்து வழுக்கும் பகடை, மூலைக்கு மூலை பொம்மைப் படம் அச்சிட்ட பளபளப்பான பலகை, சிவப்பு பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பிப் பிரித்த அட்டைகள். அதே வகுப்பில் பார்வை மங்கிய குழந்தை இருக்கிறது. மூளை முடக்குவாதத்தால் விரல் இறுகிய குழந்தையும், காதுக் கருவி போட்ட குழந்தையும், ஆட்டிசம் உள்ள குழந்தையும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று 'சிறப்புப் பெட்டி' ஒன்று தனியாக வந்து பீரோவுக்குள் ஏறிவிடும். சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் மட்டும் இறங்கும்.

1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்குக் கணித விளையாட்டுகளைச் செய்தும் ஆடவைத்தும் வரும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் சிறப்புப் பயிற்றுநர்களும் சேர்ந்து இக்கடிதத்தை எழுதுகிறோம். தனிப் பெட்டி வேண்டாம். எல்லாக் குழந்தையும் சேர்ந்து ஆடக்கூடிய ஒரே பலகையை முதலிலேயே அப்படிச் செய்து கொடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். அதை எப்படிச் செய்வது, எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. அதே மூச்சில், விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்றும் சொல்கிறது. சாய்தளம் கட்டுவதை நினைவில் வைத்திருக்கும் நாம், வாக்கியத்தின் இந்தப் பகுதியை மறந்துவிடுகிறோம்.

ஒரு விளையாட்டை எல்லோருக்கும் ஏற்றதாக்க உட்காரும்போது, அதில் கணக்கு எந்த இடத்தில் நடக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எண் பாதையில் காய் நகர்த்தும் ஆட்டத்தில், விழுந்த எண்ணுக்கும் நகரும் கட்டத்துக்கும் போய்ச் சேரும் எண்ணின் பெயருக்கும் உள்ள உறவுதான் கணக்கு. காயைப் பிடிப்பது, நிறத்தைப் பார்ப்பது, பகடை உருட்டுவது எல்லாம் அந்தக் கணக்குக்குள் நுழையும் வாசல்கள். வாசலை எத்தனை வேண்டுமானாலும் மாற்றலாம், கணக்கில் கைவைக்கக் கூடாது. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. கை நடுங்கும் குழந்தைக்குப் பக்கத்துப் பிள்ளை பகடையை உருட்டி, புள்ளியை எண்ணி, காயையும் நகர்த்திக் கொடுத்து 'நீ ஜெயிச்சுட்ட' என்கிறது. உதவி செய்த பிள்ளை இருமடங்கு கணக்குப் போட்டது. உதவி பெற்ற பிள்ளை ஒன்றும் போடவில்லை. ஆகவே விதி இப்படி இருக்கட்டும்: அடுத்தவர் காயைக் கேட்காமல் தொடக் கூடாது. கேட்டுத் தொட்டாலும், எத்தனை கட்டம், எங்கே நிறுத்த வேண்டும் என்று காய்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

எதைச் செய்வது என்று கேட்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை, 1 முதல் 10 வரை ஒரே நேர்கோட்டில் போகும் எண் பாதை. காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்ளரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பங்களின் மழலையர் பள்ளிக் குழந்தைகள் இத்தகைய பாதையில் இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, முறைக்கு 15 முதல் 20 நிமிடம் ஆடினார்கள். எண்களை அடையாளம் காண்பதிலும், எது பெரிது என்று சொல்வதிலும், எண்ணுவதிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்தது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் போட்ட அதே மாதிரிப் பலகையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. வட்டமாகச் சுற்றும் பலகை, நேர்கோட்டுப் பலகை அளவுக்குப் பயன் தரவில்லை என்று அடுத்த ஆண்டு அவர்களே காட்டினார்கள். கடைப் பலகைகள் பாம்பாக நெளிவதும் வட்டமடிப்பதும் பார்வைக்கு அழகுதான். ஆனால் 8 என்பது 2-ஐவிட எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணும் கையும் உணர்வது நேர்கோட்டில்தான்.

செய்முறை. 70 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலத்துக்குக் கெட்டியான அட்டையோ மெல்லிய ஒட்டுப்பலகையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் 66 செ.மீ.க்கு 10 செ.மீ. பாதையைக் கோடிட்டு, 6 செ.மீ. அகலத்தில் 11 கட்டமாகப் பிரியுங்கள். இடப்பக்க முதல் கட்டம் புறப்படும் இடம். அதில் எண் கிடையாது. மீதிப் பத்தில் 1 முதல் 10. ஆறு வயதுக் குழந்தை பலகையின் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு முனையும் கைக்கு எட்டும். கட்டத்தை 9 செ.மீ. ஆக்கினால் பாதை ஒரு மீட்டருக்குப் போய்விடும், முனையை எட்டுவது சிரமமாகிவிடும். கட்டத்தின் மேல் 4 செ.மீ. எண்ணுக்கு, கீழ் 6 செ.மீ. காய் நிற்பதற்கு.

எல்லைக் கோடுகளின் மேல் 2 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள சணல் கயிற்றை ஒட்டுங்கள். ஒரு பலகைக்கு ஏறக்குறைய 2.75 மீட்டர் ஆகும். 5-க்கும் 6-க்கும் நடுவில் மட்டும் இரட்டைக் கயிறு. பார்வை இல்லாத குழந்தையின் விரல் அந்த இரட்டைக் கயிற்றைத் தொட்டதும் பாதி வந்துவிட்டது என்று அறியும். பார்வையுள்ள குழந்தைக்கும் 7-ஐ 'ஐந்தும் இரண்டும்' என்று பார்க்கும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கும். கயிறு 4 மி.மீ.க்கு மேல் தடித்தால் காயை இழுத்து நகர்த்தும் குழந்தைக்கு அது சுவராகிவிடும். வெட்டிய முனைகளைப் பசையில் தோய்த்துக் காயவிடாவிட்டால் இரண்டு வாரத்தில் பிரிந்து நார்நாராக நிற்கும். ஒட்டிய பலகையை இரவு முழுக்கப் புத்தகங்களின் எடையில் வையுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் அட்டை வளைந்துவிடும்.

எண்கள் 3 செ.மீ. உயரத்தில், மஞ்சள் பின்னணியில் கறுப்பாக, அலங்காரமில்லாத எழுத்துருவில் இருக்கட்டும். பலகையில் வேறு படம் வேண்டாம். யானையும் பலூனும் நிறைந்த பலகையில் எண்ணைத் தேடிப் பிடிக்கவே பார்வை மங்கிய குழந்தையின் கவனம் தீர்ந்துவிடுகிறது. கவனம் சிதறும் குழந்தைக்கும் அதே கதிதான். பளபளப்பான லேமினேஷனும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டு எண் மறையும்.

பிரெய்ல் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்தும் பாசிமணி ஒட்டியும் பெரிய பெரிய பிரெய்ல் எண்களைச் செய்கிறார்கள். பிரெய்லில் புள்ளிக்குப் புள்ளி ஏறக்குறைய 2.5 மி.மீ. தூரம்தான். ஒரு முழு எழுத்தும் விரல்நுனிக்கு அடியில் ஒரே தொடுதலில் அடங்க வேண்டும். பெரிதாக்கினால் எழுத்தாக வாசிக்க முடியாமல் போகும். பார்வைச் சவாலுள்ள குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநரிடம் பிரெய்ல் புள்ளிகளைக் குத்தும் சட்டகமும் ஊசியும் இருக்கும். ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் எண்களைக் குத்தி வாங்கி, கட்டத்தின் மேல்பகுதியில் ஒட்டினால் போதும். குத்திய பிறகு சூடான லேமினேஷன் இயந்திரத்தில் விட்டால் புள்ளிகள் நசுங்கித் தட்டையாகிவிடும். தனி அட்டைகளுக்குப் பிரெய்ல் போடும்போது ஒவ்வோர் அட்டையிலும் வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். பிரெய்லில் 4, 6, 8, 0 ஆகிய நான்கும் ஒரே மூலை வடிவத்தின் நான்கு திருப்பங்கள். அட்டை தலைகீழானால் 4-இன் வடிவம் எட்டாகவும் 6-இன் வடிவம் பூஜ்யமாகவும் தட்டுப்படும். அச்செழுத்திலும் 6-உம் 9-உம் இப்படித்தான் குழப்பும். வெட்டிய மூலை இரண்டு பிள்ளைகளுக்கும் உதவும்.

காய் 4 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் இருக்கலாம். சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் மணல் நிரப்பி மூடியை ஒட்டிவிட்டால் தட்டினாலும் எளிதில் சாயாது. விரல் மடங்காத குழந்தையும் உள்ளங்கையால் தள்ளலாம். இரண்டு காய்க்கும் நிறத்தோடு தொடு வேறுபாடும் வேண்டும்: ஒன்றில் உப்புத்தாள் சுற்றுங்கள், மற்றது வழவழப்பாக இருக்கட்டும். சிவப்பு–பச்சையைப் பிரித்தறிய முடியாத நிலை பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் பல மடங்கு அதிகம். வகுப்பில் அப்படி ஒரு பையன் இருப்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. பலகை நகராமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி நான்கு மூலையிலும் ஒட்டுங்கள்.

பகடைக்குப் பதில் இந்த ஆட்டத்துக்கு 6 செ.மீ. அகல மூடி ஒன்று போதும். ஒரு பக்கம் ஒரு சட்டைப் பொத்தான், மறுபக்கம் இரண்டு. போட்டால் 1 அல்லது 2. எறியக் கை வராத குழந்தைக்கு, பெரிய தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டிப் புனல்போல் நிறுத்தி, அதற்குள் பகடையைத் தள்ளிவிடச் சொல்லலாம். வெட்டிய விளிம்பில் துணிநாடா ஒட்டாமல் கொடுக்காதீர்கள். மூடி புனலின் வாயில் சிக்கும், ஆகவே புனலுக்குச் சிறிய பகடையைத்தான் பயன்படுத்த வேண்டும்: 1, 2 மட்டும் மூன்று மூன்று முறை வரும்படி அதை ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தின் உயிர் எண்ணும் முறையில் இருக்கிறது. 4-இல் நிற்கும் காய்க்கு 2 விழுந்தால், குழந்தை 'ஒண்ணு, ரெண்டு' என்று சொல்லி நகர்த்தக் கூடாது. 'அஞ்சு, ஆறு' என்று கட்டத்தின் பெயரைச் சொல்லி நகர்த்த வேண்டும். 1 முதல் 100 வரையுள்ள பலகையை வைத்து 2014-ல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: இருக்கும் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணியவர்களுக்கே அதிகப் பயன். இரண்டாவது பிழை, நிற்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ணுவது. 'கயிற்றைத் தாண்டும்போது மட்டும் சொல்லு' என்றால் கண்ணுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே விளக்கம் போதும். பேச்சு வராத குழந்தை, முன்னால் வைத்த எண் பட்டையைத் தொட்டுக் காட்டட்டும், அல்லது சைகை காட்டட்டும். ஆனால் எண்ணுக்குப் பெயர் வைக்கும் அந்த வேலையை யாருக்கும் தள்ளுபடி செய்யாதீர்கள்.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைகளில் இருக்கிறார்கள். இதற்காக மூன்று விளையாட்டு வாங்க வேண்டியதில்லை. அரும்புக் குழந்தை மேலே சொன்னபடி ஆடட்டும். மொட்டுக் குழந்தை காயைத் தொடும் முன்பே 'ஆறுக்குப் போவேன்' என்று சொல்லிவிட்டு நகர்த்தட்டும். மலர்க் குழந்தை, பத்துக்கு இன்னும் எத்தனை என்று ஒவ்வொரு முறையும் சொல்லட்டும். மூவரும் ஒரே பலகையில் ஆடுவார்கள், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். விழும் எண் அதிர்ஷ்டம்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு நிமிடம் எழுதாமல் எழுந்திருக்கக் கூடாது. 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று டெல்லியில் 1,500-க்கும் மேற்பட்ட பாலர் வகுப்புக் குழந்தைகளோடு, பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் துணையுடன் நடந்தது. எண்ணிக்கையையும் வடிவத்தையும் உணரவைக்கும் விளையாட்டுகள் அந்த உணர்வை நீண்ட காலத்துக்கு வளர்த்தன. ஆனால் பள்ளியில் எழுதும் கணக்கில் அது தானாக வந்து சேரவில்லை. 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்த இன்னோர் ஆய்வு, கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரத்தின்போது மனக்கணக்காகவே விலை சொல்லும் பிள்ளைகள் தாளில் அதற்கு ஒப்பான கணக்கில் திணறுவதையும், பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறுவதையும் பதிவுசெய்தது. ஆகவே ஆட்டத்தின் கடைசி நகர்வை '8 + 2 = 10' என்று சிலேட்டில் எழுதட்டும். பார்வை இல்லாத குழந்தை பிரெய்லிலோ, தொட்டுக் கணக்குப் போடும் டெய்லர் சட்டகத்திலோ எழுதட்டும். எழுத முடியாத குழந்தை எண் அட்டைகளை வரிசையாக அடுக்கட்டும்.

அடுத்து, பத்துக் கட்டம். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. முப்பது முட்டை அடுக்கும் தட்டு 5-க்கு 6 குழி கொண்டது. அதை மூன்றாக வெட்டினால் மூன்று பத்துக் கட்டங்கள் கிடைக்கும். சத்துணவுக் கூடத்தில் காகிதக்கூழ்த் தட்டுகள் குவிந்து கிடப்பதால் பலரும் அவற்றையே எடுத்துக்கொள்கிறார்கள். அது வேண்டாம். உடைந்த முட்டையின் கசிவு அதில் ஊறியிருக்கும், வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம், தண்ணீரில் கழுவவும் முடியாது. பிளாஸ்டிக் தட்டை வாங்கி, சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். குழியில் வைக்க எலுமிச்சம்பழ அளவில் துணிப் பந்து ஐந்து, பிளாஸ்டிக் பந்து ஐந்து. மேல் வரிசையை இடமிருந்து வலமாக நிரப்பிய பிறகே கீழ் வரிசைக்கு வர வேண்டும். ஒருவர் சில பந்துகளை வைக்க, மற்றவர் தொட்டோ பார்த்தோ 'எத்தனை காலி' என்று சொல்ல வேண்டும். பந்துகளை இஷ்டப்படி சிதறவைத்தால் குழந்தை ஒவ்வொன்றாக எண்ணும் பழக்கத்திலேயே நின்றுவிடும். வரிசையாக நிரப்பினால், கீழ் வரிசையை மட்டும் தடவி 'ரெண்டு, அப்போ ஏழு' என்று சொல்லும் நாள் வரும்.

நம் ஊரில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக் குலுக்கிப் போடும் வழக்கம் இருக்கிறது. ஐந்து கொட்டையில் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு விழுந்தால் அது 3 + 2. எண்ணைப் பிரித்துச் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. கறுப்பும் வெள்ளையும் என்பதால் மங்கிய பார்வைக்கும் தெரியும், சொரசொரப்பும் வழவழப்பும் என்பதால் தொட்டும் அறியலாம். சிக்கல் ஒன்று: கொட்டை உருண்டை, தொட்டால் புரண்டுவிடும். பார்வை இல்லாத குழந்தை தடவிப் பார்க்கும்போதே விடை மாறிவிடும். ஒரு பக்கம் உப்புத்தாள் ஒட்டிய தட்டையான வட்டங்களை, உள்ளே துணி விரித்த தட்டில் போட்டால் இந்தச் சிக்கல் தீரும். துணி இன்னொன்றுக்கும் உதவுகிறது. எவர்சில்வர் தட்டில் விழும் 'கணீர்' சத்தம், எங்கே விழுந்தது என்று பார்வை இல்லாத குழந்தைக்குச் சொல்லும். அதே சத்தம் ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளைக் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடவைக்கும். துணிமேல் விழும் மெல்லிய சத்தம் இருவருக்கும் நடுவான வழி. இப்படி ஒருவரின் தேவை மற்றவரின் தேவையோடு மோதும் இடங்கள் வரத்தான் செய்யும். ஆடவைத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும்.

பல்லாங்குழி, குழியும் காயுமாகக் கைக்கே எழுதிய விளையாட்டு. ஆனால் 14 குழி, குழிக்கு ஐந்து என்று 70 காய்களோடு ஒன்றாம் வகுப்பில் தொடங்கினால் ஒருவர் முறை முடிவதற்குள் மற்றவர் எழுந்து போய்விடுவார். பக்கத்துக்கு மூன்று குழி, குழிக்கு இரண்டு காய் என்று தொடங்குங்கள். நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுக்கும் வழக்கத்தைக் கட்டாயம் வையுங்கள். மூன்று, நான்கு வரையுள்ள எண்ணிக்கையை எண்ணாமலே அறிவது சிறுவயதிலேயே வரும் திறன். பசு அதற்குத் தினசரிப் பயிற்சி.

காய்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குன்றிமணியையும் ஆமணக்கு விதையையும் எந்தக் காரணத்துக்காகவும் வகுப்பில் வைக்காதீர்கள். அழகாக இருக்கிறது, ஓசியில் கிடைக்கிறது என்று குன்றிமணி இன்னும் பல பெட்டிகளில் இருக்கிறது. ஓடு உடைய மென்றால் அது உயிரைப் பறிக்கும் நஞ்சு. எதையும் வாயில் வைக்கும் பழக்கமுள்ள குழந்தை குழுவில் இருந்தால் புளியங்கொட்டையும் வேண்டாம், 3.2 செ.மீ. அகலத் துளைக்குள் நுழையும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கலாம்.

பரமபதப் பலகை வாங்குவோருக்கு ஒரு சொல். அதில் எண்கள் ஒரு வரிசையில் வலப்பக்கமும் அடுத்த வரிசையில் இடப்பக்கமுமாகப் போகின்றன. 10-க்கு நேர் மேலே 11, 1-க்கு மேலே 20. நூறு வரை எண்களின் ஒழுங்கைக் காட்ட வேண்டுமென்றால் எல்லா வரிசையும் இடமிருந்து வலமாகவே போக வேண்டும். அப்போதுதான் 3, 13, 23 ஒரே நெடுவரிசையில் நிற்கும், பத்து கூட்டினால் ஒரு படி மேலே என்பது கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும். 10-இலிருந்து 11-க்குப் பலகையின் மறுமுனைக்குத் தாண்ட வேண்டியிருப்பது முதலில் குழப்பும். வரிசையின் முடிவிலும் அடுத்த வரிசையின் தொடக்கத்திலும் ஒரே வகைத் துணித்துண்டை ஒட்டி, பத்து வரிசைகளுக்கு இடையே ஒன்பது வகைத் துணி என்று வைத்தால் இரண்டு மூன்று ஆட்டத்தில் பழகிவிடும்.

தமிழ் எண்ணுப் பெயர்களையும் வடிவமைப்பவர் மனதில் வைக்க வேண்டும். இருபது, முப்பது, நாற்பது என்று போகும் 'பது' வரிசையில் ஒன்பதும் ஒலிக்கிறது, ஆனால் அது பத்தைவிடக் குறைவு. எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. அதில் 'நூறு' கேட்கிறது. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' கேட்கிறது. காதுக் கருவி போட்ட குழந்தைக்கும், வீட்டில் இந்தியோ ஒடியாவோ தெலுங்கோ பேசும் குழந்தைக்கும் ஒன்பது, ஐம்பது, எண்பது மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எண்ணைச் சொல்லும்போதெல்லாம் அட்டையையும் காட்டுவது என்று விதி வைத்தால் தீர்ந்தது. அட்டையில் 'ஐந்து' என்று அச்சிட்டுவிட்டு வாயில் 'அஞ்சு' என்று சொல்வதும் சிக்கலே, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒன்றாம் வகுப்பு விளையாட்டு அட்டையில் எண்ணும் புள்ளியும் போதும், எழுத்து வடிவம் பிறகு வரட்டும். 1 முதல் 10 வரை இந்தியச் சைகை மொழியின் சைகைகளை வகுப்பு முழுக்கக் கற்றுக்கொள்ள அதிக நேரம் ஆகாது. பேசுபவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகி உதடு தெரியாது. அவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும்.

பிள்ளைகள் கடை வைத்து ஆடும் விளையாட்டுக்கென்று விற்கும் போலி நாணயங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றன. உண்மையான நாணயங்களையே வையுங்கள். 2019-ல் அறிமுகமான வரிசை, தொட்டு அறிவதற்காகவே மதிப்புக்கேற்ப அளவும் எடையும் மாறும்படி செய்யப்பட்டது. 20 ரூபாய் நாணயத்துக்கு 12 பக்கம். பழைய வரிசை நாணயங்களை அதோடு கலந்தால் தொட்டு அறிய முடியாது.

வேகப் போட்டிகளும் 'அவுட்' ஆகும் ஆட்டங்களும் இந்த வயதுக்கு வேண்டாம். யாருக்கு அதிகப் பயிற்சி தேவையோ அந்தக் குழந்தை முதலில் வெளியேறி, மீதி நேரம் வேடிக்கை பார்க்கும். முறை வரும்வரை காத்திருக்கத் தெரியாத குழந்தைக்கு, ஒரு மரக்கட்டையைக் கையில் கொடுங்கள்: கட்டை யாரிடமோ அவர் முறை. எத்தனை சுற்று பாக்கி என்பதைக் காட்ட ஐந்து துணிக்கிளிப்புகளைப் பலகை ஓரத்தில் மாட்டி, சுற்றுக்கு ஒன்றாகக் கழற்றுங்கள். திடீரென்று 'போதும், எடுத்து வை' என்பதில்தான் பல அழுகைகள் தொடங்குகின்றன.

தரையில் பெரிதாக வரைந்த ஒரே பலகையை நன்கொடையாகத் தருவோரிடம் பணிவாகச் சொல்கிறோம்: 15 நிமிடத்தில், முறைக்கு அரை நிமிடம் என்றால், மொத்தம் 30 முறை. 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஒரு முறைதான் கிடைக்கும். இருவருக்கு ஒரு பலகை என்றால் ஆளுக்கு 15 முறை. மேலும் சக்கர நாற்காலியிலோ, காலிப்பர் என்ற கால் தாங்கி அணிந்தோ இருக்கும் குழந்தைக்குத் தரைப் பலகை எட்டாது. ஒரு பெரிய பலகைக்குச் செலவிடும் பணத்தில் 15 சிறிய அட்டைப் பலகைகளைச் செய்து, எல்லோரும் மேசையிலோ பெஞ்சிலோ ஆடட்டும். அந்த ஒரு குழந்தையை மட்டும் மேசையில் தனியே உட்காரவைக்காதீர்கள்.

மொத்தமாகச் செய்யக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு பலகை செய்து, பெரியவர்கள் மூன்று முறை ஆடிப் பாருங்கள்: கண்ணை மூடி ஒரு முறை, பேசாமல் ஒரு முறை, இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கிக்கொண்டு ஒரு முறை. வெளிப்படையான குறைகள் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கண்ணைக் கட்டிக்கொண்ட பெரியவரின் தடுமாற்றம் வேறு, பிறந்ததிலிருந்து கையால் உலகை அறியும் குழந்தையின் லாகவம் வேறு. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேட்டு, அந்தப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளையே, அவரவர் நண்பரோடு இரண்டு நாள் ஆடவிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் நண்பர் கை நீட்டி உதவுகிறாரோ, அந்த இடத்தில் பலகையைத் திருத்த வேண்டும்.

பலகைக்கு இரண்டு உதிரிக் காய், ஓர் உதிரி மூடி சேர்த்துக் கொடுங்கள். இறுக்கமான மூடியுள்ள டப்பா வேண்டாம், இழுகயிறு வைத்த துணிப்பை போதும். உள்ளே என்ன எத்தனை இருக்க வேண்டும் என்பதைப் பையின் மேல் எண்ணாகவும் பிரெய்லாகவும் ஒட்டிவிட்டால் திரும்ப எடுத்து வைக்கும் வேலையையும் குழந்தைகளே பார்த்துக்கொள்வார்கள். பை, வகுப்பறையில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கட்டும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், சிறப்புப் பயிற்றுநர்கள் சிலர்